ஸ்லர்ம்: 32 கோர் நோடில் ஒரே ஒரு ஜாப்தான் ஓடுகிறது, மற்றதெல்லாம் வரிசையில் நிற்கிறது

முப்பத்திரண்டு_கோர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆய்வுக் குழுவின் கிளஸ்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் கைக்கு வந்திருக்கிறது. 12 நோடுகள் (தனித்தனிக் கணினிகள்). ஒவ்வொன்றிலும் 32 கோர், 128 ஜிபி மெமரி. ஹைப்பர்த்ரெடிங் அணைக்கப்பட்டிருக்கிறது. ஸ்லர்ம் (ஜாப்களை வரிசைப்படுத்தி நோடுகளுக்குப் பங்கிடும் மென்பொருள்) நிறுவியாகிவிட்டது, மன்ஜ் (நோடுகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் சேவை) சாவி எல்லா நோடிலும் ஒன்றுதான், கடிகாரங்களும் ஒத்துப்போகின்றன, எஸ்இன்ஃபோ அடித்தால் 12 நோடும் தெரிகின்றன.

சிக்கல் இதுதான். ஒரு கோர் மட்டும் போதும் என்கிற சின்ன ஜாப்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. ஆனால் ஒரு நேரத்தில் 12 மட்டுமே ஓடுகின்றன, நோடுக்கு ஒன்று. மீதி எல்லாம் பெண்டிங், காரணம் 'ரிசோர்சஸ்' என்று வருகிறது. நோடுக்குள் போய்ப் பார்த்தால் 31 கோர் சும்மா கிடக்கிறது. செலக்ட்டைப் வரியில் கான்ஸ்_ட்ரெஸ் போட்டிருக்கிறேன். அதன் பராமீட்டர் சிஆர்_கோர்_மெமரி. அப்படியென்றால் ஒரே நோடைப் பல ஜாப்களுக்குப் பங்கிட்டுத் தர வேண்டும் அல்லவா? எங்கே தேடுவது என்று சொல்லுங்கள்.

ரூட்_ஷெல்:

முதலில், கன்ஃபிக் கோப்பில் இருப்பதும் கன்ட்ரோலர் (பின்னணியில் ஓடும் ஸ்லர்மின் மைய டீமன்) நினைத்துக்கொண்டிருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். எஸ்கண்ட்ரோல் ஷோ கன்ஃபிக் அடித்தால் உண்மையில் நடப்பில் இருக்கும் மதிப்பு தெரியும். கோப்பில் கான்ஸ்_ட்ரெஸ் என்று எழுதிவிட்டு டீமனை மறுபடி தொடங்காமல் விட்டிருந்தால் பழைய லீனியர் முறையே ஓடிக்கொண்டிருக்கும். அது முழு நோடாகத்தான் கொடுக்கும்.

இன்னும் லீனியரில்தான் இருக்கிறது என்றால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். லீனியரிலிருந்து கான்ஸ்_ட்ரெஸுக்குப் போனால் ஓடுகிற ஜாப், காத்திருக்கிற ஜாப் இரண்டின் தகவலும் அழிந்துபோகும். நிலையைச் சேமிக்கும் வடிவமே வேறு. பார்ட்டிஷனை (ஜாப் வரிசைக்கான நோடுத் தொகுப்பு) ட்ரெயினில் (புது ஜாப் எடுக்காத நிலை) போட்டு, இருப்பதை ஓடி முடிக்க விட்டு, காலியான பிறகு மாற்றுங்கள்.

வரிசைக்காவலர்:

அதோடு, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஜாபின் எண்ணை எடுத்து எஸ்கண்ட்ரோல் ஷோ ஜாப் அடித்து, ட்ரெஸ் (கணக்கு வைக்கப்படும் வளங்கள்) என்று தொடங்கும் வரியை இங்கே அப்படியே ஒட்டுங்கள். கோரைவிட மெமரி எண்ணைப் பார்க்கத்தான் கேட்கிறேன்.

முப்பத்திரண்டு_கோர்:

ஷோ கன்ஃபிக்கும் கான்ஸ்_ட்ரெஸ் என்றே சொல்கிறது. ட்ரெஸ் வரி இது:

சிபியு=1, மெம்=128600எம், நோடு=1, பில்லிங்=1

ஜாப் எழுதியவர் மெமரி எதுவும் கேட்கவில்லை. ஸ்கிரிப்டைப் பார்த்துவிட்டேன், மெம் என்ற வரியே இல்லை. பிறகு எப்படி 128600?

வரிசைக்காவலர்:

கேட்காததால்தான் அவ்வளவும் போயிருக்கிறது. சிஆர்_கோர்_மெமரி என்று போட்டதும் மெமரியும் பங்கிடப்படும் பொருளாகிவிடுகிறது. ஆனால் டெஃப்மெம்பெர்சிபியு (கோருக்கு இயல்பாகத் தரும் மெமரி) என்ற வரி உங்கள் கன்ஃபிக்கில் இல்லை. அது இல்லாவிட்டால் அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பில்லை. மெமரி சொல்லாத ஜாபுக்கு நோடில் உள்ள மெமரி முழுவதையும் ஸ்லர்ம் எழுதிக் கொடுத்துவிடும். அடுத்த ஜாப் வரும்போது 31 கோர் காலி, மெமரி சுழியம். வேறு நோடைத் தேடும், அதுவும் இப்படியே நிறைந்திருக்கும். 'ரிசோர்சஸ்' என்ற காரணம் உண்மையைத்தான் சொல்கிறது, எந்த ரிசோர்ஸ் என்று மட்டும் சொல்வதில்லை.

சரி, இப்போது எண்ணைப் போடுவோம். ஒரு நோடில் எஸ்லர்ம்டி (ஒவ்வொரு நோடிலும் ஓடும் ஸ்லர்ம் டீமன்) கட்டளையைப் பெரிய சி ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அந்த நோடின் வன்பொருளை, கன்ஃபிக்கில் ஒட்டுவதற்குத் தயாரான ஒரே வரியாக அச்சிட்டுக் காட்டும். ரியல்மெமரி 128600 சுமார் வரும். அதை அப்படியே போட வேண்டாம். இயங்குதளத்துக்கும் கோப்பு முறைமை கிளையண்டுக்கும் கொஞ்சம் விட்டுவைத்து 124000 என்று எழுதுங்கள். உண்மையில் இருப்பதைவிடக் குறைத்து எழுதினால் ஒன்றும் ஆகாது. கூட்டி எழுதினால் 'லோ ரியல்மெமரி' என்று நோடை ட்ரெயினில் தள்ளிவிடும். ஒரு மெமரிப் பட்டை பழுதாகி அளவு குறைந்தாலும் இதே செய்திதான் வரும், அதனால் அது நல்ல காவல்.

124000-ஐ 32 கோருக்குப் பங்கிட்டால் 3875. டெஃப்மெம்பெர்சிபியு=3800 என்று வையுங்கள். எதுவும் கேட்காத 32 ஜாப்கள் ஒரு நோடில் அடங்கிவிடும்.

ஏற்கெனவே வரிசையில் நிற்கும் ஜாப்களுக்கு இது தானாகப் பொருந்தாது. சமர்ப்பித்தபோது பதிவான கோரிக்கைதான் அவற்றுக்கு. எஸ்கண்ட்ரோல் அப்டேட் மூலம் அவற்றின் மெமரியைக் குறைத்துவிடலாம், இல்லையென்றால் ரத்து செய்து மறுபடி அனுப்பச் சொல்லலாம்.

மூலக்கூறுக்காரி:

நான் நிர்வாகி இல்லை, பயனர். மூலக்கூறு இயக்க உருவகங்களும் அவற்றின் பகுப்பாய்வும் என் வேலை. இந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். நான் முன்பு பயன்படுத்திய ஒரு கிளஸ்டரில் இப்படித்தான் ஒரு நாள் காலையில் இயல்பு மெமரியைக் குறைத்தார்கள். யாருக்கும் அறிவிப்பு இல்லை. இரவு முழுக்க ஓடிய பகுப்பாய்வு, கடைசியில் எல்லா ஃப்ரேமையும் சேர்த்து ஒரு பெரிய அணி கட்டும் இடத்தில் 'அவுட்_ஆஃப்_மெமரி' என்று செத்தது. அந்தக் கடைசிப் படியில்தான் மெமரி ஏறும், அதுவரை 2 ஜிபி கூடத் தொடாது. மாற்றுவது சரியான காரியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்றும் முன் பயனர்களுக்குச் சொல்லுங்கள். தங்கள் ஜாபுக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் வழியையும் காட்டுங்கள். எங்களில் பலருக்கு அது தெரியாது.

ரூட்_ஷெல்:

நியாயமான பேச்சு. வழி இருக்கிறது. முடிந்த ஜாபின் எண்ணைக் கொடுத்து எஸ்அக்ட் கட்டளையில் மேக்ஸ்ஆர்எஸ்எஸ் புலத்தைக் கேட்டால் உச்சத்தில் எவ்வளவு மெமரி பிடித்தது என்று காட்டும். செஃப் என்ற சின்ன ஸ்கிரிப்ட் அதையே சதவீதமாக்கித் தரும்.

ஒரு எச்சரிக்கை. இந்த அளவு மாதிரி எடுத்துப் பெறப்படுவது, இயல்பாக 30 நொடிக்கு ஒருமுறை. நீங்கள் சொன்ன அந்தக் கடைசி அணி இரண்டு மாதிரிகளுக்கு நடுவே ஏறி இறங்கிவிட்டால் மேக்ஸ்ஆர்எஸ்எஸ்ஸில் தெரியாமலே போகலாம். அதனால் காட்டிய எண்ணுக்கு மேல் கால் பங்காவது கூட்டிக் கேட்பது நல்லது.

இயல்பு மதிப்பில் மட்டும் வரிசைக்காவலரோடு எனக்கு ஒத்துவரவில்லை. 3800 என்பது தாராளம். நான் 1000 தான் வைப்பேன். சின்னதாக வைத்தால்தான் எல்லோரும் மெம் வரியை எழுதப் பழகுவார்கள். சும்மா கிடைக்கும்போது யாரும் எழுத மாட்டார்கள்.

வரிசைக்காவலர்:

மன்னிக்கவும், இதில் நான் எதிர்க்கட்சி. 1000 வைத்தால் முதல் வாரத்திலேயே பாதி ஜாப் சாகும். அடுத்த வாரம் எல்லோரும் பயத்தில் 64 ஜிபி என்று ஸ்கிரிப்டில் எழுதி ஒருவருக்கொருவர் நகல் கொடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அந்த 64-ஐ யாராலும் பிடுங்க முடியாது. இப்போது நோடுக்கு ஒரு ஜாப், அப்போது நோடுக்கு ஒன்று, அவ்வளவுதான் முன்னேற்றம். கோருக்கு உரிய நியாயமான பங்கை இயல்பாகக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் கேட்பவர் அதற்கான கணக்கைச் சுமக்கட்டும்.

அதற்கு ட்ரெஸ்பில்லிங்வெயிட்ஸ் என்ற பார்ட்டிஷன் வரி இருக்கிறது. சிபியுவுக்கு 1.0, மெமரிக்கு ஜிபிக்கு 0.25 என்று கொடுத்து, ப்ரையாரிட்டிஃப்ளாக்ஸில் மேக்ஸ்_ட்ரெஸ் போட்டால், இரண்டில் எது பெரிதோ அதுதான் கணக்கில் ஏறும். ஒரு கோரும் 20 ஜிபியும் கேட்டவர் 5 கோர் பிடித்ததாகவே பதியப்படுவார். நோடில் அவர் உண்மையில் அடைத்திருக்கும் இடமும் அதுதான். மேக்ஸ்_ட்ரெஸ் இல்லாவிட்டால் இரண்டையும் கூட்டிவிடும், அதை மறக்காதீர்கள். இந்தக் கணக்கு ஃபேர்ஷேரில் (இதுவரை பயன்படுத்தியதை வைத்து முன்னுரிமை தரும் முறை) போய்ச் சேர்கிறது, அதனால் அதிகம் கேட்டவரின் முன்னுரிமை தானாக இறங்கும். யாருடைய ஜாபையும் கொல்லாமல் பழக்கம் மாற இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை.

புதுநிர்வாகி:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். டெஃப்மெம்பெர்சிபியு வைத்துவிட்டால் ஒரு ஜாப் அதைத் தாண்டி மெமரி எடுக்க முடியாது, அப்படித்தானே?

ரூட்_ஷெல்:

இல்லை. இதைத் தெரியாமல் நோடைப் பங்கிட்டால் ஆபத்து. அந்த எண் வெறும் கணக்குப் பதிவு. கர்னலுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. 3800 கேட்டுவிட்டு ஒரு ஜாப் 60 ஜிபி எடுத்தால், கர்னல் மெமரி தீர்ந்ததும் தனக்குத் தோன்றிய ப்ராசஸைக் கொல்லும். அது அந்த ஜாபாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இன்னொருவருடையதாகவும் இருக்கலாம்.

சிகுரூப்தான் (ப்ராசஸ்கள் எடுக்கும் வளத்தைக் கட்டுப்படுத்தும் கர்னல் வசதி) வேலி. ப்ராக்ட்ராக்டைப், டாஸ்க்பிளகின் இரண்டிலும் சிகுரூப் இருக்க வேண்டும். டாஸ்க்பிளகினில் அஃபினிட்டியையும் சேர்த்துவிடுங்கள். சிகுரூப்.கான்ஃப் கோப்பில் கன்ஸ்ட்ரெய்ன்கோர்ஸ், கன்ஸ்ட்ரெய்ன்ரேம்ஸ்பேஸ் இரண்டும் 'யெஸ்' (ஆம்) என்று இருக்கட்டும். ஜிபியு நோடு இருந்தால் கன்ஸ்ட்ரெய்ன்டிவைசஸும் 'யெஸ்', இல்லாவிட்டால் ஒரு ஜிபியு கேட்டவர் நான்கையும் தொட முடியும். இதெல்லாம் சரியாக இருக்கிறது என்று சோதித்துப் பார்த்த பிறகே நோடைப் பங்கிட வேண்டும் என்பது என் பிடிவாதம். சோதனை எளிது: 500 எம்பி கேட்டு, உள்ளே 2 ஜிபி ஒதுக்கும் நான்கு வரி நிரலை ஓட்டுங்கள். அது சாக வேண்டும், அதன் பக்கத்து ஜாப் பிழைக்க வேண்டும்.

முப்பத்திரண்டு_கோர்:

அந்தச் சோதனையை எங்கள் கிளஸ்டரில் செய்தேன். 2 ஜிபி ஒதுக்கி நிம்மதியாக ஓடி முடிந்தது. சிகுரூப்.கான்ஃப் கோப்பே இல்லை. சேர்த்தேன், எஸ்லர்ம்டி எல்லா நோடிலும் மறுபடி தொடங்கினேன், இப்போது 'அவுட்_ஆஃப்_மெமரி' என்று சாகிறது. பிறகு பயனர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, செஃப் பயன்படுத்தும் விதத்தையும் எழுதி, ரியல்மெமரியையும் டெஃப்மெம்பெர்சிபியுவையும் மாற்றினேன். இப்போது நோடுகள் நிறைந்து ஓடுகின்றன. மிக்க நன்றி.

ஆனால் அடுத்த கேள்வி வந்துவிட்டது. சின்ன ஜாப்கள் எல்லா நோடிலும் சிதறி ஓடுவதால், நான்கு முழு நோடு கேட்கும் எம்பிஐ (பல நோடுகளில் சேர்ந்து ஓடும் இணை நிரல்) ஜாபுக்கு இடமே அமைவதில்லை. அது நாள் கணக்கில் வரிசையின் தலையிலேயே நிற்கிறது. பேக்ஃபில் இயல்பாகவே உண்டு என்று படித்தேன். அது ஏன் உதவவில்லை?

வரிசைக்காவலர்:

பார்ட்டிஷன் வரியில் டிஃபால்ட்டைம், மேக்ஸ்டைம் என்ன வைத்திருக்கிறீர்கள்? பயனர்கள் ஸ்கிரிப்டில் டைம் எழுதுகிறார்களா?

முப்பத்திரண்டு_கோர்:

இரண்டும் இல்லை. பயனர்களும் எழுதுவதில்லை.

வரிசைக்காவலர்:

அதுதான் காரணம். மெமரியில் நடந்த அதே கதை நேரத்திலும் நடக்கிறது. டிஃபால்ட்டைம் இல்லாவிட்டால் மேக்ஸ்டைமை எடுத்துக்கொள்ளும். மேக்ஸ்டைமும் இல்லாவிட்டால் வரம்பற்ற நேரம்.

பேக்ஃபில் எப்படி யோசிக்கிறது என்று பார்ப்போம். உங்கள் நான்கு நோடு ஜாப் தலையில் நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஜாபும் எப்போது முடியும் என்று அதன் நேர வரம்பை வைத்து ஸ்லர்ம் ஒரு கால அட்டவணை போடுகிறது. நோடு 3, 5, 6 இப்போதே காலி, நோடு 9 இன்னும் 9 மணி நேரத்தில் காலியாகும் என்றால், பெரிய ஜாபுக்கு 9 மணி நேரம் கழித்து இடம் குறித்துவைக்கும். அதுவரை 3, 5, 6 சும்மா இருக்கும் அல்லவா? வரிசையின் பின்னால் 2 மணி நேர ஜாப் ஒன்று இருந்தால் அதை அந்த இடைவெளியில் ஓட்டிவிடும், ஏனென்றால் பெரிய ஜாப் ஒரு நிமிடம் கூடத் தாமதமாகாது. ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் 1990களில் ஐபிஎம் எஸ்பி கணினிக்காக எழுதிய ஈஸி ஷெட்யூலர் காலத்திலிருந்து அடிப்படை இதுதான்.

இப்போது எல்லா ஜாபும் முடிவே இல்லாதவை என்று வைத்துக்கொள்ளுங்கள். நோடு 9 எப்போது காலியாகும் என்று சொல்ல வழியில்லை. இடம் குறிக்கவும் வழியில்லை. இடைவெளி என்ற ஒன்றே அட்டவணையில் இல்லை. காலியாகும் ஒவ்வொரு கோரையும் வந்த சின்ன ஜாப் எடுத்துக்கொள்ளும், பெரியது நின்றுகொண்டே இருக்கும்.

மேக்ஸ்டைம் 7 நாள், டிஃபால்ட்டைம் 1 மணி நேரம் என்று வைக்கச் சொல்வேன். மெமரியில் தாராளமாக இரு என்றவன் இதில் கறாராகப் பேசுகிறேன், காரணம் இருக்கிறது. நேரம் போதாமல் நின்ற ஜாப் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும், இழப்பு சிறிது.

இன்னொன்று கூடவே மாற வேண்டும். ஷெட்யூலர்பராமீட்டர்ஸில் பிஎஃப்_விண்டோ இயல்பாக 1440 நிமிடம், அதாவது ஒரு நாள்தான் முன்னோக்கிப் பார்க்கும். 7 நாள் ஜாப்கள் ஓடும் இடத்தில் அது பத்தாது, 10080 ஆக்குங்கள். அவ்வளவு தூரம் பார்த்தால் கன்ட்ரோலருக்கு வேலை கூடும், அதனால் பிஎஃப்_ரெசல்யூஷனை 60 நொடியிலிருந்து 600-க்கு ஏற்றிவிடுங்கள். 12 நோடுக்கு இது பெரிய பாரமில்லை.

ரூட்_ஷெல்:

கூடவே பேக்_சீரியல்_அட்_எண்ட் என்ற பராமீட்டர். ஒரு கோர் ஜாப்களை நோடு பட்டியலின் கடைசியிலிருந்து நிரப்பும். சிதறல் குறையும், முன்னால் உள்ள நோடுகள் பெரிய ஜாபுக்கு முழுசாகக் கிடைக்கும்.

மூலக்கூறுக்காரி:

7 நாள் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் உருவகம் சில சமயம் அதைத் தாண்டும். நேரம் தீர்ந்தால் என்ன ஆகும்?

வரிசைக்காவலர்:

டெர்ம் (முடித்துக்கொள் என்னும்) சிக்னல் வரும். அதற்கப்புறம் கில்வெயிட் வரியில் உள்ள நேரம், இயல்பாக 30 நொடி, கழித்து கில். முப்பது நொடியில் பெரிய செக்பாயிண்ட் (பின்னர் தொடர்வதற்கான நிலைச் சேமிப்பு) எழுத முடியாது. அதனால் எஸ்பேட்ச் (ஜாபை வரிசையில் போடும் கட்டளை) ஸ்கிரிப்டில் சிக்னல் ஆப்ஷனைக் கொடுங்கள்: முடிய 600 நொடி இருக்கும்போது யூஎஸ்ஆர்1 அனுப்பு என்று சொல்லலாம். உங்கள் ஸ்கிரிப்ட் அதைப் பிடித்து, செக்பாயிண்ட் எழுதச் சொல்லி, தன்னையே மறுபடி வரிசையில் போட்டுக்கொள்ளலாம். மூலக்கூறு இயக்க நிரல்கள் பெரும்பாலும் செக்பாயிண்டிலிருந்து தொடரத் தெரிந்தவை. அப்படித் தொடர முடிகிறவர் 7 நாள் கேட்பதைவிட 12 மணி நேரத் துண்டுகளாகக் கேட்டால் பேக்ஃபில் இடைவெளிகளில் நுழைந்து சீக்கிரமாகவே முடிப்பார். டைம்-மின் என்ற ஆப்ஷனும் உண்டு: 12 மணி வேண்டும், 4 கிடைத்தாலும் சரி என்று சொல்வது. இடைவெளிக்கு ஏற்ப ஸ்லர்மே நேரத்தைச் சுருக்கிக்கொள்ளும்.

ஓடுகிற ஜாபின் நேரத்தைப் பயனர் தானே கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும். நிர்வாகி கூட்டலாம். உண்மையான தேவையோடு ஒருவர் வந்து கேட்டால் கூட்டிக் கொடுங்கள், முப்பத்திரண்டு_கோர். வரம்பு வைப்பது அட்டவணை போடத்தானே தவிர யாருடைய ஆறு நாள் வேலையையும் வீணாக்க அல்ல.

மூலக்கூறுக்காரி:

துண்டுகளாக ஓட்டுவது என் ஸ்கிரிப்டில் கொஞ்சம் வேலைதான், ஆனால் நோடு திடீரென்று விழுந்தாலும் அது காப்பாற்றும். இந்த வாரமே மாற்றுகிறேன்.

முப்பத்திரண்டு_கோர்:

நேர வரம்புகள் போட்டு, காத்திருந்தவற்றுக்கும் நேரம் குறைத்ததும் எம்பிஐ ஜாப் மறுநாளே தொடங்கியது. எஸ்கியூவில் ஸ்டார்ட் ஆப்ஷன் கொடுத்தால் உத்தேசத் தொடக்க நேரமே தெரிகிறது, இதுவரை அந்த இடம் என்/ஏ என்றுதான் இருக்கும்.

இப்போது ஒருவர் ஒரு லூப் எழுதி 800 எஸ்பேட்ச்களைத் தனித்தனியாக அடித்துவிட்டார். அதன்பின் வந்த யாருடைய 10 நிமிட ஜாபும் அசையவில்லை.

ரூட்_ஷெல்:

இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கிறது. ஒன்று, பேக்ஃபில் ஒரு சுற்றில் வரிசையின் தலையிலிருந்து எத்தனை ஜாபைப் பார்க்கும் என்பதற்கு பிஎஃப்_மேக்ஸ்_ஜாப்_டெஸ்ட் என்ற வரம்பு உண்டு, இப்போதைய பதிப்புகளில் 500. அந்த 800-க்குப் பின்னால் நிற்பவரை அது எட்டிப் பார்ப்பதே இல்லை. பிஎஃப்_மேக்ஸ்_ஜாப்_யூசர் வைத்து ஒருவருக்கு இத்தனைதான் என்று கட்டுங்கள். அவரிடம் அர்ரே ஜாபாக (ஒரே ஸ்கிரிப்டை எண்ணிட்டுப் பலமுறை ஓட்டும் ஒரே சமர்ப்பிப்பு) அனுப்பச் சொல்லுங்கள். 1-800%64 என்று எழுதினால் ஒரே நேரத்தில் 64 மட்டும் ஓடும். கன்ட்ரோலருக்கும் 800 பதிவைச் சுமக்க வேண்டியதில்லை, ஓடத் தொடங்கும் வரை அர்ரே ஒரே பதிவாகவே இருக்கும். மேக்ஸ்அர்ரேசைஸ் இயல்பாக 1001, எனவே குறியீடு 1000-க்கு மேல் போகாது.

இரண்டு, உங்களிடம் மல்ட்டிஃபாக்டர் (பல காரணிகளைச் சேர்த்துக் கணக்கிடும்) முன்னுரிமை இருக்கிறதா?

வரிசைக்காவலர்:

அது இல்லையென்றால் வந்த வரிசைப்படிதான் நடக்கும். எஸ்லர்ம்டிபிடி (ஸ்லர்மின் கணக்குத் தரவுத்தள டீமன்) வைத்து கணக்குகளைப் பதியுங்கள், ப்ரையாரிட்டிடைப்பை மல்ட்டிஃபாக்டர் ஆக்குங்கள். காரணிகள் எல்லாம் 0-க்கும் 1-க்கும் இடையில் வருபவை, எடைகளால் பெருக்கினால்தான் வித்தியாசம் தெரியும். அதனால் ஃபேர்ஷேர் எடை 10000, வயது எடை 2000 என்ற அளவில் தொடங்குங்கள். பயன்பாட்டின் அரை ஆயுள் இயல்பாக 7 நாள், சின்னக் குழுவுக்கு அதுவே போதும். எடையை மாற்றிய பிறகு எஸ்ப்ரையோ அடித்து ஒவ்வொரு ஜாபின் முன்னுரிமையும் எதிலிருந்து வந்தது என்று பார்த்துப் பழகுங்கள். "என் ஜாப் ஏன் ஓடவில்லை" என்று வருபவருக்கு அந்த வரியையே காட்டிப் பதில் சொல்லலாம், அவர்களும் ஏற்றுக்கொள்வார்கள்.

கியூஓஎஸ்ஸில் (ஜாப்களுக்கான முன்னுரிமை, வரம்புத் தொகுப்பு) ஒரு பயனருக்கு அதிகபட்சம் 192 கோர் என்று வரம்பும் வைக்கலாம். ஆனால் அக்கவுண்டிங்ஸ்டோரேஜ்என்ஃபோர்ஸ் வரியில் லிமிட்ஸ், கியூஓஎஸ் இரண்டும் இல்லாவிட்டால் வரம்பு தரவுத்தளத்தில் அழகாக இருக்கும், யாரையும் தடுக்காது.

புதுநிர்வாகி:

நானும் இதையெல்லாம் எங்கள் இடத்தில் செய்து பார்த்தேன். நோடு பங்கீடு வந்ததும் ஒருவருடைய பைத்தான் நிரல் முன்பைவிட மிக மெதுவாகிவிட்டது என்கிறார். கேட்டது ஒரே கோர்தான்.

ரூட்_ஷெல்:

முன்பு ஒரு கோர் கேட்டுவிட்டு 32-ஐயும் பயன்படுத்திக்கொண்டிருந்திருப்பார், அவருக்கே தெரியாமல். பைத்தானின் எண் கணக்கீட்டு நூலகமான 'நம்பை'க்குக் கீழே உள்ள கணித நூலகம் நோடில் எத்தனை கோர் தெரிகிறதோ அத்தனை த்ரெட் தொடங்கக்கூடியது. இப்போது கன்ஸ்ட்ரெய்ன்கோர்ஸ் அவை எல்லாவற்றையும் ஒரே கோருக்குள் அடைக்கிறது, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுகின்றன. சிபியுஸ்-பெர்-டாஸ்க்கில் 8 கேட்கச் சொல்லுங்கள், ஸ்கிரிப்டில் த்ரெட் எண்ணிக்கையைச் சொல்லும் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸை ஸ்லர்ம்_சிபியுஸ்_பெர்_டாஸ்க் மதிப்புக்குச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். என்டாஸ்க்ஸ்=8 என்று கேட்க வேண்டாம். அது எட்டு தனி ப்ராசஸுக்கானது, வேறு வேறு நோடுகளில் கூட இடம் ஒதுக்கிவிடும்.

ஸ்கிரிப்டுக்குள் எஸ்ரன் (ஒதுக்கிய இடத்தில் நிரலைத் தொடங்கும் கட்டளை) பயன்படுத்துகிறார் என்றால் இன்னொன்று. 22.05 பதிப்பிலிருந்து எஸ்பேட்ச்சில் கொடுத்த சிபியுஸ்-பெர்-டாஸ்க்கை எஸ்ரன் தானாக எடுத்துக்கொள்வதில்லை. எஸ்ரன் வரியிலும் அதை மறுபடி எழுத வேண்டும், அல்லது எஸ்ரன்_சிபியுஸ்_பெர்_டாஸ்க் என்ற சூழல் மாறியை வைக்க வேண்டும்.

புதுநிர்வாகி:

எஸ்ரன்தான் பயன்படுத்துகிறார், பதிப்பும் 23.02. அவருடைய வரியை மாற்றி ஓட்டிவிட்டு வருகிறேன்.